டைரி எழுதினால் கதை எழுத வருமா? பால் கணக்கு முதல் நாவல் வரை

ஜனவரி பிறந்தால் ஆபீஸிலும் வங்கியிலும் நகைக்கடையிலும் ஆளுக்கொரு டைரி கொடுப்பார்கள். முதல் பக்கத்தில் பெயர், ரத்த வகை, கூடவே 'இந்த வருஷம் தினமும் எழுதுவேன்' என்று ஒரு சபதம். பொங்கல் லீவு முடிவதற்குள் சபதமும் முடிந்துவிடும். மார்ச் மாதம் பார்த்தால் அதே டைரி சமையலறை அலமாரியில் இருக்கும். உள்ளே பால் கணக்கும், கேஸ் சிலிண்டர் புக் செய்த தேதியும் இருக்கும்.

டைரியைப் பாதியில் விட்டவர்கள் பலருக்கும் உள்ளுக்குள் ஓர் ஆசை உண்டு. ஒரு சிறுகதை எழுத வேண்டும், குறும்படத்துக்கு ஸ்கிரிப்ட் எழுத வேண்டும், பாட்டி சொன்ன ஊர்க்கதையை ஒரு நாள் எழுதி வைக்க வேண்டும். ஆனால் லேப்டாப்பைத் திறந்தால், "என்னத்த எழுதுறது? உட்கார்ந்தா ஒண்ணும் வரமாட்டேங்குதே" என்பதுதான் நிலைமை.

தினமும் டைரி எழுதினால் இந்தத் தடை உடையுமா? உடையும். ஆனால் எல்லா வகை டைரியும் இதற்கு உதவாது. கதை எழுதக் கற்றுத்தரும் டைரி எப்படி இருக்கும், அதை எப்படித் தொடங்குவது என்று பார்ப்போம்.

நாள் முழுக்க எழுதுகிறோமே?

ஒரு சராசரி ஆபீஸ் ஊழியர் காலை முதல் இரவு வரை எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். மெயில், ஸ்டேட்டஸ் ரிப்போர்ட், குரூப் சாட், வாட்ஸ்அப், இன்ஸ்டா கேப்ஷன். எழுத்து குறையவில்லை. அதில் அவருடைய சொந்த வாக்கியம் எத்தனை என்பதுதான் கேள்வி.

மெயிலில் பாதி ரெடிமேட் வரி. சாட்டில் பாதி எமோஜி. பிறந்தநாள் வாழ்த்து ஃபார்வர்டு. இப்போது மெயிலையும் லீவு லெட்டரையும் ஏஐ எழுதிக் கொடுக்கிறது. வேலை சீக்கிரம் முடிகிறது, அதில் தப்பில்லை. ஆனால் கண்ணால் பார்த்த ஒன்றுக்குத் தானே சொல் தேடிப் பிடிக்கும் பழக்கம் மெல்ல மெல்லக் குறைகிறது. கதை எழுத உட்காரும்போது வருகிற தடைக்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தப் பழக்கத்தை மீட்க டைரியைவிட மலிவான வழி இல்லை. மேனேஜர் படிக்கமாட்டார், லைக் கிடையாது, இலக்கணப் பிழைக்கு யாரும் சிரிக்கமாட்டார்கள்.

இரண்டு வகை டைரி

டைரி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது மனசில் உள்ளதைக் கொட்டும் டைரிதான். அதற்கும் ஒரு பயன் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980-களில் ஒரு சோதனை செய்தார். மனதை வாட்டிய ஓர் அனுபவத்தைப் பற்றித் தினம் 15 நிமிடம் வீதம் நான்கு நாள் மாணவர்களை எழுதச் சொன்னார். அப்படி எழுதுவது உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் உதவுகிறதா என்ற ஆராய்ச்சி அங்கிருந்துதான் பெருகியது. பலன் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. ஆனாலும் எழுதினால் பாரம் குறைகிறது என்பது பலருடைய அனுபவம்.

ஜூலியா கேமரன் 1992-ல் வெளியான 'தி ஆர்ட்டிஸ்ட்ஸ் வே' நூலில் இன்னொரு வழி சொல்கிறார். காலையில் எழுந்ததும் கையால் மூன்று பக்கம், மனதில் வருவதை அப்படியே எழுத வேண்டும். யாருக்கும் காட்டக் கூடாது. முதல் சில வாரங்களுக்கு எழுதியவரே திரும்பப் படிக்கக் கூடாது. 'மார்னிங் பேஜஸ்' என்று உலகம் முழுக்கப் பிரபலமான இந்தப் பயிற்சியின் நோக்கம், எழுதத் தொடங்கும்போது வரும் பயத்தைப் போக்குவது.

பாரம் இறக்கவும் பயம் போகவும் இவை போதும். கதை எழுதக் கை பழக வேண்டும் என்றால் இன்னொரு வகை டைரியும் தேவை. 'மனசு சரியில்லை' என்று எழுதுவதோடு நிற்காமல், அன்று பார்த்தது, கேட்டது, முகர்ந்தது, விலை விசாரித்தது என வெளியே உள்ள உலகத்தைக் குறித்து வைக்கும் டைரி. கிட்டத்தட்ட அந்தப் பால் கணக்கு மாதிரி. அப்படி ஒரு டைரி புதுச்சேரியில் பிறந்தது.

துபாஷியின் நோட்டு, பிரபஞ்சனின் நாவல்

ஆனந்தரங்கப் பிள்ளை 1709-ல் சென்னை பெரம்பூரில் பிறந்தவர். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவிடம் தலைமை துபாஷியாக இருந்தார். துபாஷி என்றால் இரண்டு மொழி அறிந்தவர். மொழிபெயர்ப்பு, வியாபாரம், தூது எல்லாம் அவர் வழியாகத்தான் நடக்கும்.

1736-ல் தொடங்கி 1761-ல் இறக்கும்வரை, சுமார் 25 ஆண்டுகள் அவர் நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, யார் யாரைப் பற்றிக் கோள் சொன்னார்கள், ஆளுநர் என்ன கேட்டார், அதற்குத் தான் என்ன பதில் சொன்னார், ஊரில் என்ன பேச்சு என்று எல்லாமே அதில் உண்டு. இலக்கியம் படைக்க வேண்டும் என்று அவர் உட்காரவில்லை. அன்றைய புதுச்சேரியில் புழங்கிய பேச்சுத் தமிழிலேயே எழுதினார். பிறமொழிச் சொற்கள் தாராளமாகக் கலந்திருக்கும்.

அவர் மறைந்து பல பத்தாண்டுகள் அந்த நோட்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தன. 19-ம் நூற்றாண்டில்தான் வெளியுலகத்துக்குத் தெரியவந்தன. பிறகு 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளிவந்தன. 18-ம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவைப் பற்றி எழுதும் வரலாற்று ஆசிரியர்கள் இன்றும் அதைத் தேடிப் போகிறார்கள்.

நமக்கு இங்கே முக்கியமான விஷயம் அடுத்தது. புதுச்சேரிக்காரரான எழுத்தாளர் பிரபஞ்சன், இந்த நாட்குறிப்பை அடித்தளமாக வைத்து 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்று இரண்டு நாவல்கள் எழுதினார். 'வானம் வசப்படும்' நாவலுக்கு 1995-ல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது.

பிள்ளை தன் நோட்டில் 'இன்று மிகவும் கவலையாக இருந்தது' என்று மட்டும் எழுதி வைத்திருந்தால், 200 ஆண்டு கழித்து ஒரு நாவலாசிரியருக்கு அதில் எடுக்க ஒன்றும் இருந்திருக்காது. கப்பலும் சரக்கும் வம்பும் இருந்ததால்தான் அங்கிருந்து ஒரு நகரத்தையே எழுப்ப முடிந்தது.

பகலில் ஆபீஸ், இரவில் நோட்டு

"வேலைக்குப் போயிட்டு வந்து எழுத டைம் எங்க இருக்கு?" என்பவர்கள் ஃப்ரான்ஸ் காஃப்காவைக் கொஞ்சம் கவனிக்கலாம். பிராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர் அவர். ஃபைல், ரிப்போர்ட் எல்லாம் பகலில். எழுத்து பெரும்பாலும் இரவில்.

அவருடைய டைரி நோட்டுகளில் புலம்பல் நிறைய உண்டு. அதோடு பார்த்த நாடகம், கண்ட கனவு, சந்தித்த மனிதர்களின் முகமும் நடையும், பாதியில் நின்ற கதைத் தொடக்கங்கள் என எல்லாம் கலந்து கிடக்கின்றன. டைரிக்குத் தனி நோட்டு, கதைக்குத் தனி நோட்டு என்று அவர் கறாராகப் பிரித்துக்கொள்ளவில்லை. 1912 செப்டம்பர் 22 இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து மறுநாள் காலை ஆறு மணிக்குள், 'தீர்ப்பு' என்ற கதையை ஒரே மூச்சில் முடித்தார். அதை எழுதியது டைரி எழுதிவந்த அதே நோட்டில்தான். அந்த ஓர் இரவைப் பலரும் அதிசயமாகச் சொல்வார்கள். அதற்கு முன்னால் வருஷக்கணக்கில் அரைகுறையாக நிரப்பிய பக்கங்களும் அந்தக் கணக்கில் சேரும்.

ஆங்கில நாவலாசிரியர் வர்ஜீனியா உல்ஃப் 1915 முதல் 1941-ல் இறக்கும்வரை டைரி எழுதினார். 1919-ல் தன் பழைய பக்கங்களைத் திரும்பப் படித்தபோது அவருக்கு ஒன்று புரிந்தது. வேகமாக, யோசிக்காமல் எழுதிய பக்கங்களில் நடை கரடுமுரடாக இருக்கிறது. ஆனால் நிதானமாக எழுதியிருந்தால் 'இது எதுக்கு' என்று தள்ளிவிட்டிருக்கக்கூடிய நல்ல விஷயங்கள் அதில் தப்பிப் பிழைத்திருக்கின்றன. தனக்காக மட்டும் எழுதும் இந்தப் பழக்கம் கையைத் தளர்த்திவிடுகிறது என்பதையும் அவர் குறித்து வைத்தார். நாவல் எழுதும்போது அந்தத் தளர்ச்சி கைகொடுக்கும்.

திருத்தி எழுதிய சிறுமி

எழுதி வைப்பது பாதி வேலை. மீதிப் பாதி, அதைத் திரும்ப எடுத்து எழுதுவது. இதற்கு ஆன் ஃபிராங்கை விடச் சிறந்த உதாரணம் கிடையாது.

1942 ஜூன் 12, பதின்மூன்றாவது பிறந்தநாள் பரிசாக அவருக்கு ஒரு நோட்டு கிடைத்தது. அடுத்த மாதமே நாஜிகளிடமிருந்து தப்ப அவருடைய குடும்பம் ஆம்ஸ்டர்டாமில் ஒரு கட்டடத்தின் பின்பகுதியில் ஒளிந்துகொண்டது. 1944 மார்ச் 28 அன்று, லண்டனிலிருந்து ஒலிபரப்பான டச்சு வானொலியில் அமைச்சர் ஹெரிட் போல்கஸ்டைன் பேசினார். போர்க்காலத்தில் சாதாரண மக்கள் எழுதிய கடிதங்களையும் டைரிகளையும் பத்திரப்படுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

அதைக் கேட்ட ஆன் தன் டைரியைப் புத்தகமாக்க முடிவு செய்தார். அந்த மே மாதம் தொடங்கி, தனித்தாள்களில் மறுபடி எழுத ஆரம்பித்தார். சில பகுதிகளை நீக்கினார், சிலவற்றைச் சேர்த்தார், வீட்டில் இருந்தவர்களுக்குப் புனைபெயர் யோசித்தார், தலைப்பும் வைத்தார். ஏறக்குறைய பத்து வாரத்தில் 200 தாள்களுக்கு மேல் எழுதினார். ஆகஸ்ட் 4 அன்று அனைவரும் கைது செய்யப்பட்டார்கள். வேலை பாதியில் நின்றது. 1945-ல் பெர்கன்-பெல்சன் முகாமில் ஆன் இறந்தார்.

1947-ல் அவருடைய தந்தை ஓட்டோ ஃபிராங்க் டைரியை வெளியிட்டபோது, அசல் டைரி, ஆன் திருத்தி எழுதிய தாள்கள் இரண்டையும் வைத்துத்தான் தொகுத்தார். உலகம் படிப்பது ஒரு சிறுமியின் மனக்குமுறல் என்று பலர் நினைக்கிறார்கள். பதினைந்து வயதில் உட்கார்ந்து தன் எழுத்தைத் தானே எடிட் செய்த ஒரு எழுத்தாளரின் உழைப்பும் அதில் இருக்கிறது.

ஒரே நாள், மூன்று விதம்

சரி, நடைமுறையில் இது எப்படி இருக்கும்? கற்பனையாக ஓர் ஐடி ஊழியரை எடுத்துக்கொள்வோம். அவருடைய ஒரு நாள் டைரி இது.

முதல் விதம்: "இன்னைக்கு நாளே சரியில்ல. மேனேஜர் எல்லார் முன்னாடியும் திட்டிட்டார். செம மூட் அவுட்."

அடுத்த வருஷம் படித்தால் இதில் ஒன்றும் தேறாது. எந்த ஆபீஸிலும் எந்த நாளிலும் யாரும் எழுதக்கூடிய வரி இது.

இரண்டாவது விதம்: "மேனேஜர் திட்டும்போது அவர் டேபிளில் இருந்த டீ ஆறிப்போய் மேலே ஆடை கட்டியிருந்தது. அவர் முடிக்கிறவரைக்கும் அதையே பார்த்துட்டு நின்னேன். கடைசியில் 'சாப்டியா?'ன்னு கேட்டார். அதுதான் இன்னும் கோபமா வந்துச்சு. சாயங்காலம் தாம்பரம் ட்ரெயினில் பக்கத்துல ஒரு பூக்காரம்மா. பல்லாவரத்துல இறங்கும்போது மீந்த பூவை என் மடியில வெச்சுட்டு, 'வீட்ல சாமிக்குப் போடுப்பா'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. காசு வாங்கல."

'மூட் அவுட்' என்ற சொல்லே இதில் இல்லை. ஆனால் அவருடைய மனநிலை முதல் விதத்தைவிட இதில் நன்றாகத் தெரிகிறது. ஆறிய டீ, 'சாப்டியா', மீந்த பூ. கதைக்குத் தேவையான மூன்று பொருள் கையில் வந்துவிட்டது.

மூன்றாவது விதம், ஒரு மாதம் கழித்து. அதே குறிப்பை எடுத்து, பார்க்கும் ஆளை மட்டும் மாற்றுகிறார்:

"கிண்டியில் ஏறியதிலிருந்து அந்தப் பையன் போனைத் தொடவில்லை. பூக்காரம்மாவுக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தால் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். கூடையில் ரெண்டு முழம் மிச்சம் இருந்தது. இருபது ரூபாய். வேண்டாம், கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள்."

கதை தொடங்கிவிட்டது. எழுதியவருக்கு வானத்திலிருந்து ஐடியா எதுவும் இறங்கவில்லை. டைரியில் நாலு வரி இருந்தது, அவ்வளவுதான்.

எப்படித் தொடங்குவது?

1. பத்து நிமிடம் போதும். தினமும் ஒரே நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இரவு சார்ஜரில் போன் போடும் நேரம் என்று ஏதாவது ஒரு வேலையோடு முடிச்சுப் போட்டால் மறக்காது.

2. மூன்று விஷயம் மட்டும் எழுதுங்கள்: இன்று பார்த்தது ஒன்று, காதில் விழுந்த பேச்சு ஒன்று, விலை, வாசனை, நிறம், நேரம் என ஏதாவது ஒரு துல்லியமான விவரம். அதற்குப் பிறகு மனசில் இருப்பதை எழுதுங்கள்.

3. பேசுவது போலவே எழுதுங்கள். மதுரைத் தமிழோ, கொங்குத் தமிழோ, இங்கிலீஷ் கலந்த ஆபீஸ் தமிழோ, எதுவானாலும் சரி. பஸ்ஸில் கேட்ட வசனத்தை இலக்கணப்படுத்தாமல் அப்படியே பதிவு செய்தால், பிற்பாடு கதையில் உரையாடல் எழுதும்போது அது கைகொடுக்கும்.

4. நோட்டா, போனா என்று குழம்ப வேண்டாம். எது கைக்கு அருகில் இருக்கிறதோ அது. தமிழ் டைப்பிங் சிரமம் என்றால் வாய்ஸ் டைப்பிங் இருக்கிறது. போனில் எழுதுபவர்கள் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுவது நல்லது.

5. விட்டுப்போனால் பழைய நாட்களை நிரப்ப உட்காராதீர்கள். பெரும்பாலான டைரிகள் நின்றுபோவது அந்த இடத்தில்தான். இன்றைய தேதியைப் போட்டுத் தொடருங்கள்.

6. மாதம் ஒரு முறை திரும்பப் படியுங்கள். உயிரோடு இருக்கும் வரிகளுக்குக் கீழே கோடு போடுங்கள். அதில் ஒன்றை எடுத்து வேறொருவர் பார்வையில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். உண்மையில் நடக்காத ஒரு முடிவைக் கொடுங்கள்.

"யாராவது படிச்சிட்டா?"

நம் வீடுகளில் இது சின்னப் பயம் இல்லை. தனி அறை, பூட்டுள்ள அலமாரி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. பள்ளிக்கூட நாட்களில் அம்மாவோ அண்ணனோ டைரியை எடுத்துப் படித்த ஒரு சம்பவத்தோடு எழுதுவதையே நிறுத்தியவர்கள் உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு பழைய டைரிகளைக் கிழித்துப்போட்ட பெண்களும் உண்டு.

இந்தப் பயம் புதிதும் அல்ல. 1660-களின் லண்டன் வாழ்க்கையைப் பதிவு செய்த சாமுவேல் பீப்ஸ், தன் டைரியைப் பெரும்பாலும் சுருக்கெழுத்தில் எழுதினார். வீட்டில் யாருக்கும் புரியாது. 1825-ல்தான் அது முதல் முறையாக அச்சில் வந்தது.

சுருக்கெழுத்து தெரியாதவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. போனில் நோட்ஸ் ஆப்பைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டலாம். பெயருக்குப் பதில் ஒரே எழுத்து வைக்கலாம். ரொம்பவும் அந்தரங்கமானதை 'அவள்', 'அவன்' என்று படர்க்கையில் கதை போலவே எழுதலாம். அதுவே புனைவுக்கு முதல் பயிற்சி. வெளியே உள்ள உலகத்தை எழுதும் டைரிக்கு இன்னொரு சௌகரியமும் இருக்கிறது: ஆறிய டீயைப் பற்றி எழுதிய பக்கத்தை யார் படித்தாலும் பெரிய வம்பு வராது. அதற்குள் என்ன இருந்தது என்பது எழுதியவருக்கு மட்டும் தெரியும்.

இரண்டு எச்சரிக்கைகள். டைரியிலிருந்து கதையாக வெளியே போகும்போது, அடையாளம் தெரியும் விவரங்களை மாற்றுவது எழுதுபவரின் கடமை. நண்பர் நம்பிச் சொன்ன ரகசியம் நம்முடைய கதைப்பொருள் ஆகிவிடாது. அடுத்தது, பழைய காயத்தைப் பற்றி எழுத எழுதப் பாரம் கூடுகிறது என்றால், நோட்டை மூடிவிடுங்கள். நம்பிக்கையான ஒருவரிடமோ மனநல ஆலோசகரிடமோ பேசுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416.

இன்றிரவே ஒரு வரி

டைரி எழுதும் எல்லோரும் நாவலாசிரியர் ஆகப்போவதில்லை. ஆகவும் வேண்டியதில்லை. ஆனால் ஆறு மாதம் தொடர்ந்து எழுதியவர் தன் தெருவையும், ட்ரெயினையும், வீட்டில் இருப்பவர்களையும் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு பார்க்கத் தொடங்குவார். எழுத்துக்கு முதல் மூலதனம் அதுதான்.

சமையலறை அலமாரியில் அந்த டைரி இன்னும் இருக்கும். எடுத்துப் பாருங்கள். 'அரை லிட்டர், வேண்டாம், ஒரு லிட்டர், வேண்டாம், வேண்டாம்' என்று அம்மா எழுதியிருப்பார். அந்த மூன்று நாள் வீட்டில் ஏன் பால் வாங்கவில்லை? யாரும் ஊரில் இல்லையா, கையில் காசு இல்லையா, இல்லை ஆஸ்பத்திரியில் இருந்தீர்களா?

அந்தக் கேள்விக்கான பதிலை, அதற்குக் கீழே இருக்கும் வெற்றிடத்திலேயே எழுதத் தொடங்கலாம்.